முதல் இழை: காந்தியடிகளின் கைத்தொழிற் கல்வி

கைத்தொழில் எதுவாயினும் அதனைப் புதிதாகக் கற்பவருடைய முதல் ஆக்கம் செப்பமாக அமைவதில்லை. சரவணையிலும் வேலணையிலும் பனையோலை கொண்டு பெட்டி இழைக்கப் பழகும் சிறுமியின் முதற்பெட்டி ஒருபுறம் சாய்ந்தே நிற்கும். குரோசே எனப்படும் கொக்கியூசிப் பின்னலும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. கம்பளி நூலுருண்டையையும் கொக்கியூசியையும் கையிலெடுத்து முதன்முதலாகப் போர்வை பின்னப் புகும் ஒருத்தி, முதலிலே சங்கிலி போலக் கண்ணிகளைத் தொடுக்கின்றாள். பின்னர் ஒவ்வொரு கண்ணியுள்ளும் ஊசியை நுழைத்து நூலை வாங்கி, அடுத்த வரிசையை எழுப்புகின்றாள். முதல் வரிசை இறுகிப்போகும்; இரண்டாவது தளர்ந்துவிடும். வரிசைதோறும் கடைக்கண்ணியைக் காணாது விடுவதனால், சில வரிசைகள் ஏறியதும் போர்வை அகலங் குன்றி முக்கோணம் போல ஒடுங்கத் தொடங்கும். பிழை கண்டு நூலின் தலைப்பைப் பற்றி இழுத்தாலோ, இரண்டு மணி நேரத்து உழைப்பு இமைப்பொழுதிற் குலைந்து வெறும் நூலாகிவிடும். அந்நிலையில் ஊசியைப் பெட்டியிலிட்டு மூடிவிடுவோர் பலர். மீண்டும் முதற்கண்ணி தொடுப்போர் சிலர்.

அச்சிலருக்கு வழித்துணையாகத் தக்க வரலாறு ஒன்றுண்டு. நாற்பத்தைந்து வயது கடந்தபின் நூலையும் தறியையும் முதன்முதற் கண்டு, சிறுபிள்ளை போல அமர்ந்து பயின்று, தம் கைந்நூலால் ஒரு பெருநாட்டையே பிணித்தவர் வரலாறு அது. மோகனதாஸ் கரம்சந்த் காந்தி என்னும் பெயரை அறியாதார் இலர். அவர் நடத்திய அறப்போரை நாம் பலகாற் படித்திருக்கின்றோம். அவர் ஆயுள் முழுவதும் ஒரு மாணாக்கராக, அதிலும் அரிச்சுவடி தொடங்கும் மாணாக்கராக இருந்தமையை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. ஈண்டு நாம் காணப் புகுவது அதனையே.

1869 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரிலே காந்தியடிகள் பிறந்தார். குலத்தால் வணிகர், குடும்பத் தொழிலால் அரசரின் அமைச்சர். தந்தையாரும் பாட்டனாரும் திவான் பதவி வகித்தவர்கள். அத்தகைய இல்லத்துப் பிள்ளை கையாற் செய்யுந் தொழில் ஒன்றைக் கற்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1888 இல் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1891 இல் பாரிஸ்டராகத் திரும்பினார். 1893 இல் வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். ஓராண்டிலே திரும்பிவிடலாமென்று சென்றவர் ஏறத்தாழ இருபத்தோராண்டு அங்கே தங்கினார்.

அவருடைய கைத்தொழிற் கல்வி அங்கேதான் தொடங்கியது. சலவைக் கூலி மிகுதியாயிருந்தது. கொடுத்த துணியும் குறித்த நாளில் வருவதில்லை. எனவே சலவை செய்யும் முறையைக் கூறும் நூலொன்றை வாங்கிப் படித்துத் தாமே துணி வெளுக்கத் தொடங்கினார். முதன்முறை தாமே கஞ்சியிட்டுத் தேய்த்த கழுத்துப்பட்டையை அணிந்து நீதிமன்றஞ் சென்றபோது, அதிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டிருந்தது. கஞ்சி அளவுக்கு மிஞ்சியிருந்தது. துணி கருகிவிடுமென்ற அச்சத்தினாலே இரும்பைப் போதிய சூடின்றியும் அழுத்தமின்றியும் தேய்த்திருந்தார். உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவரோ நாணவில்லை, அவர்களுக்கு நகைப்பதற்கு ஒன்று கிடைத்ததேயென்று தாமும் மகிழ்ந்தார். பிரிட்டோரியாவில் வெள்ளை நாவிதர் ஒருவர் நிறங் காரணமாக முடி வெட்ட மறுத்தபோது, கத்தரிக்கோல் ஒன்றை வாங்கிக் கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்புறம் ஒருவாறு அமைந்தது, பின்புறம் பாழாயிற்று. எலி கடித்ததோ என்று வினவுமளவுக்கு அது நகைப்புக்கிடமாயிற்று. எனினும் இவ்விரு தொழிலையும் அவர் விட்டாரல்லர். சிறிது காலத்திற் சலவைத் தொழிலிலே நல்ல தேர்ச்சி பெற்றார்.

1910 இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அண்மையிலே, அவர் நண்பர் கலன்பாக் உதவிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறைசென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே கூடி வாழ்ந்தன. அவர்களுட் பலர் தமிழர். காலணி வாங்கப் பொருளில்லாத அவ்விடத்திலே, கலன்பாக் மரியன்ஹில் என்னும் ஊரிலிருந்த துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்றார். அடிகளிடமிருந்து பிறர் கற்றனர். தோல் தொழிலை இழிவென ஒதுக்கிய சமூகத்திற் பிறந்த ஒருவர், பாரிஸ்டர் பட்டம் பெற்றபின், தோலும் ஊசியும் ஏந்தி அமர்ந்ததன் பொருளை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1914 இல் அந்நாட்டை விட்டு நீங்குமுன், தம்மைச் சிறையிலிட்ட அமைச்சர் ஸ்மட்ஸ் அவர்களுக்குத் தாம் செய்த செருப்பிணை ஒன்றை அளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைகாலங்களில் அணிந்து, 1939 இல் அடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அன்போடு திருப்பி அனுப்பினார்.

தமிழாசிரியர்களாகிய எமக்கு இப்பண்ணை வாழ்விலே இன்னொரு செய்தி இனிப்பது. தமிழ்ச் சிறார்க்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பையும் அடிகளே ஏற்றார். அவர் கற்றிருந்த தமிழோ கப்பற் பயணங்களிலும் சிறையிலும் தேடிக்கொண்ட சிறு முதல். போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூலுக்கு அப்பால் அது செல்லவில்லை. எதிரேயிருந்த பிள்ளைகள் ஆசிரியரைவிட நன்றாகத் தமிழ் பேசுவோர். அவர் தம் அறியாமையை மறைக்க முயலவில்லை. உள்ளது உள்ளபடியே காட்டினார். அதனால் மாணவரின் அன்பும் மதிப்பும் குன்றாதிருந்தன என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கற்பவர்க்கு வேண்டிய முதற்பண்பு இதுவேயன்றோ? தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுபவனுக்கு எவரும் கற்பிக்க முடியாது.

இனி நூலுக்கு வருவோம். 1909 இல் இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்குத் திரும்புங் கப்பலிலே, வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதி, அவர் ஆக்கிய சிறுநூல் இந்திய சுயராச்சியம் என்பது. இந்தியாவின் வறுமைக்குக் கைத்தறியே மருந்தென்ற கருத்து அந்நாளிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியிருந்தது. ஆனால் அப்போது அவர் தறியையோ இராட்டையையோ கண்ணாற் கண்டதாகத் தமக்கே நினைவில்லை. 1915 சனவரியில் தாயகம் திரும்பியபோதும் இராட்டையை நேரிற் பார்த்திருக்கவில்லை.

1915 மே மாதத்திலே அகமதாபாத்தை அடுத்த கோச்சரபில் ஆசிரமம் நிறுவப்பட்டது. தறிகள் சில வந்தன. நெய்ய அறிந்தார் ஒருவருமிலர். ஆசிரமத்தார் எழுத்துத் தொழிலிலோ வாணிகத்திலோ பழகியவர்களேயன்றிக் கைவினைஞர் அல்லர். தறியை நிறுத்தவும் கற்பிக்கவும் பாலன்பூரிலிருந்து ஒருவர் அழைக்கப்பட்டார். அவரோ தம் தொழிலின் நுணுக்கம் முழுவதையும் வெளியிட்டாரல்லர். அடிகளின் உறவினராகிய மகன்லால் காந்தி இயல்பிலேயே கைத்திறன் மிக்கவர். விடாது முயன்று நெசவை முற்றும் கைவரப்பெற்றார். ஒருவர்பின் ஒருவராகப் பிறரும் பழகினர். தாம் நெய்த துணியையே உடுப்பதென்று அனைவரும் உறுதிபூண்டனர்.

எனினும் குறையொன்றிருந்தது. தறி கையால் ஓடினாலும் அதிலேறிய நூல் ஆலையில் நூற்ற நூல். நூலைத் தாமே நூற்றாலன்றி ஆலையின் பிடியினின்று விடுபட முடியாது. ஆனால் இராட்டை எங்கே? நூற்கக் கற்பிப்பவர் எங்கே? இரண்டும் அகப்படவில்லை. 1917 இல் புரோச் நகரில் நடந்த கல்வி மாநாட்டிலே கங்காபென் மஜ்முதார் என்னும் கைம்பெண்மணியை அடிகள் சந்தித்தார். அவர் குதிரையேறித் தனியே பயணஞ் செய்யும் அஞ்சா நெஞ்சினர். தீண்டாமையைத் தம்மளவில் ஒழித்தவர். இராட்டையைத் தேடித்தரும் பொறுப்பை அவர் ஏற்றார். குசராத்தெங்கும் அலைந்து, பரோடா நாட்டு விசாப்பூரிலே அதனைக் கண்டுபிடித்தார். அவ்வூரிற் பல வீடுகளில் இராட்டைகள் பயனற்ற பொருளெனப் பரணில் ஏற்றப்பட்டுக் கிடந்தன. பஞ்சுத்திரி தந்து நூலை வாங்கிக்கொள்வோர் இருப்பின் மீண்டும் நூற்கத் தயாரென அப்பெண்கள் கூறினர். ஒரு தலைமுறை கைவிட்ட கலை பரணின் இருளில் அடுத்த தலைமுறையை எதிர்நோக்கிக் கிடந்தது.

பம்பாயிலே நோயுற்றுப் படுத்திருந்த காலத்தில், மணிபவனம் என்னும் இல்லத்திலிருந்த அவர் அறையிலே இராட்டை சுழலத் தொடங்கியது. பெண்மணிகள் சிலர் அங்கே வந்து நூற்கக் கற்றனர். தாம் நலம்பெற்றதில் அவ்வொலிக்குச் சிறுபங்கன்று, பெரும்பங்கே உண்டென்று அடிகள் கருதினார். மருந்து உடலைத் தொட்டது. இராட்டையின் இசை உள்ளத்தைத் தொட்டது.

நூற்றல் காண்பதற்கு எளிது, கைக்கு அரிது. ஒரு கை சக்கரத்தைச் சுழற்ற, மறு கை பஞ்சுத்திரியை மெல்லப் பின்னிழுக்க வேண்டும். சக்கரம் விரைந்து கை தாழ்த்தால் முறுக்கேறி நூல் சுருளும். கை விரைந்து சக்கரம் தாழ்த்தால் முறுக்கின்றி இழை அறும். விரலின் அழுத்தம் சிறிது மாறினும் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகும். கொக்கியூசியோடு போராடும் புதியவளுக்கு நேர்வதும் இதுவே: இரு கைகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்வரை நூல் பணிவதில்லை. புத்தகம் இதற்கு வழிகாட்டலாம். பழக்கம் ஒன்றே கைகொடுக்கும். ஐம்பதை அணுகிய வயதிலே, நாடு முழுவதும் நோக்கியிருக்கும் தலைவர் ஒருவர், அறுந்த இழையை மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

அவ்வாறு பிறந்த முதற் கதர்த்துணி முரடானது. விலையோ கெசத்துக்குப் பதினேழணா. அஃதாவது ஒரு ரூபாவுக்கும் மேல். அடிகள் அதனை மறைக்கவில்லை; தம் நண்பர்களுக்கு அவ்விலைக்கே விற்றார். அகலமும் முப்பது அங்குலத்துக்கு மேற்படவில்லை. நாற்பத்தைந்து அங்குல அகலமுள்ள வேட்டி ஒரு மாதத்துக்குள் கிடைக்காவிடின், குறுகிய முரட்டுத் துணியையே உடுக்கப் போவதாகக் கங்காபென்னுக்கு அறிவித்தார். அம்மையார் திடுக்குற்றார், ஆயினும் சளைத்தாரல்லர். மாதம் நிறையுமுன் குறித்த அகலத்தில் ஓரிணை வேட்டி வந்து சேர்ந்தது. முதல் ஆக்கம் குறைபாடுடையதாயின் அதனை எறிந்துவிடுதல் ஒரு வழி. அதனையே உடுத்துக்கொண்டு, அடுத்ததைத் திருத்தமாகச் செய்தல் மற்றொரு வழி. அடிகள் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்.

அவர் உடைபற்றிய பெருமுடிவு தமிழ்மண்ணிலேயே எடுக்கப்பட்டது. 1921 செப்டெம்பர் 22 ஆம் நாள் மதுரையிலே, ஏழை உழவரைப் போல அரையாடை மட்டும் உடுத்து வெளிவந்தார். கதர் வாங்கப் பொருளில்லாத கோடிக்கணக்கானோர் உள்ளபோது, தமக்கு முழு உடை எதற்கென்பது அவர் எண்ணம். அதன்பின் வாழ்நாள் இறுதிவரை அவ்வுடையே அவர்க்கு அடையாளமாயிற்று. 1922 இல் எரவாடாச் சிறையில் அடைக்கப்பட்டபோதும் இராட்டை உடன் சென்றது. ஆறாண்டுத் தண்டனை பெற்றவர், அறுவைச் சிகிச்சையின்பின் 1924 இல் விடுதலை எய்தும்வரை, சிறைப்பொழுதை நூற்பதிலும் நூல் கற்பதிலும் பகிர்ந்துகொண்டார்.

எல்லோரும் அவர் கொள்கையை ஏற்றனர் என்றல் வரலாறாகாது. கவியரசர் தாகூர் இராட்டையைப் பொதுமருந்தாகக் கொள்வதை 1921 லும் 1925 லும் வெளிப்படையாக மறுத்தார். எல்லோரும் ஒன்றையே செய்யவேண்டுமென்னும் கட்டாயம் சிந்தனையை மழுங்கச் செய்யுமென அவர் அஞ்சினார். 1924 இல் பெல்காம் காங்கிரசிலே, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 2,000 கெசம் நூல் தரவேண்டுமென்ற விதி அடிகளின் தலைமையில் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது தளர்த்தப்பட்டது. கையால் உழைத்தலைத் தீர்மானத்தால் ஊட்டிவிட முடியாதென்பதை அது காட்டிற்று. தோல்வியென்று அடிகள் சோரவில்லை. அவ்வாண்டே, 1925 இல், அகில இந்திய நூற்போர் சங்கத்தை நிறுவி, விரும்புவோரைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார்.

அப்பணியின் பொருட்டே அவர் நம் நாட்டுக்கும் வந்தார். 1927 நவம்பரில், கதர் நிதி திரட்டும் நோக்கோடு இலங்கை முழுவதுஞ் சுற்றி, அம்மாத இறுதியில் யாழ்ப்பாணம் அடைந்தார். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர்கள் அவரை வரவேற்றனர். கல்லூரிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் அவர் பேசினார். கடல்கடந்த ஏழை நூற்பாளர்களின் பொருட்டு யாழ்ப்பாணத்தார் மனமுவந்து பொருளளித்தனர். அப்பயணத்தை அவர் செயலாளர் மகாதேவ தேசாய் நூலாக எழுதி 1928 இல் வெளியிட்டார். கல்வியென்றால் எழுதுகோல் பிடிக்கும் உத்தியோகத்துக்கு வழியென்றே நம்மவர் பெரிதும் எண்ணியிருந்த அக்காலத்தில், பாரிஸ்டர் ஒருவர் இராட்டையோடு வந்திறங்கியது ஒரு பாடமாயிருந்திருக்க வேண்டும். அப்பாடத்தை நாம் முற்றக் கற்றோமா என்பது இன்றும் நம்மை நாமே வினவிக்கொள்ளத் தக்கது.

1931 இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்றபோதும் நாள்தோறும் நூற்றல் தவறவில்லை. கதர் இயக்கத்தால் வேலையிழந்ததாகக் கூறப்பட்ட லங்காசயர் ஆலைத் தொழிலாளரிடையே அவர் நேரிற் சென்றார். அவர்களும் அவரை அன்போடு சூழ்ந்தனர். இருபுறத்தாரும் நூலை நம்பி வாழ்வோர். ஆதலின் ஒருவர் துன்பம் மற்றவருக்கு விளங்கியது.

ஒரே மனிதரின் கைந்நூல் துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பயன்பட்ட இரு நிகழ்ச்சிகளைக் கூறி இவ்வரலாற்றை முடிக்கலாம். 1944 பெப்ரவரி 22 ஆம் நாள், பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையிலே கஸ்தூரிபாய் அம்மையார் கணவரின் மடியில் உயிர் நீத்தார். அடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையே அம்மையாரின் இறுதி உடையாயிற்று. அறுபதாண்டைக் கடந்த இல்லறத்தில், பொன்னையும் மணியையும் பொதுப்பணிக்கு ஈந்துவிட்ட அத்துணைவிக்கு, அடிகளாற் கொடுக்கக்கூடியதாக எஞ்சியிருந்தது தம் கையுழைப்பு ஒன்றே.

மற்றது 1947 நவம்பரில் நிகழ்ந்தது. பிரித்தானிய இளவரசி எலிசபெத்தின் திருமணம் அம்மாதம் 20 ஆம் நாள் நடைபெற இருந்தது. யாதொரு பொருளும் தமக்கெனக் கொள்ளாத அடிகள் எதனைப் பரிசளிப்பார்? அவர் நூற்ற நூலையே அனுப்பலாமென மவுண்பேட்டன் பிரபு யோசனை கூறினார். அந்நூலைப் பஞ்சாபிப் பெண்ணொருத்தி கொக்கியூசியாற் பின்னி, நடுவிலே ஜெய்ஹிந்த் என்னும் சொல் அமையுமாறு ஒரு சிறு விரிப்பாக்கினாள். மணிமுடிகளும் வைரங்களும் குவிந்த பரிசுப்பொருள்களிடையே அந்தப் பருத்திப் பின்னலும் வைக்கப்பட்டது. இளவரசியின் பாட்டியாராகிய மேரி அரசியார் அதனை அடிகளின் அரையாடையென்று மயங்கி முகஞ்சுளித்ததாகக் கூறுவர். நூற்றவரையும் பின்னியவளையும் அறிந்தவர்க்கு அதன் மதிப்பு விளங்கும். முந்நூறு மில்லியனுக்கு மேற்பட்ட மக்களின் விடுதலையைப் பெற்ற மூன்று மாதத்துள், அவ்வாட்சிக் குடும்பத்துக்கே விடுதலைத் தலைவர் அனுப்பிய மங்கலப் பரிசு அது. பகைமை அதனுள் ஓரிழையும் இல்லை. அடுத்த ஆண்டு சனவரி 30 ஆம் நாள் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தச் சிறு விரிப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூல் ஒருவருடையது, பின்னல் மற்றொருத்தியுடையது. கொக்கியூசிப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முற்பட்ட கண்ணியைப் பற்றியே நிற்கும். 2016 இல் சென்னையிலே மகளிர் பலர் தனித்தனியே பின்னிய சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கி உலக சாதனை நிலைநாட்டினர். அத்துணைப் பெரிய போர்வைக்கும் தொடக்கம் ஒரு கண்ணியே. பம்பாயில் நோய்ப்படுக்கையருகே அறுந்து அறுந்து ஓடிய இழைகளின் வழிவந்ததே அரண்மனை சென்ற நூலும். அவ்விழைகள் கோணலாயின என்று அன்றே இராட்டையை மீண்டும் பரணில் ஏற்றியிருந்தால், பின்னையவை எவையும் இல்லை.

ஆதலின், முதற் போர்வை கோணிவிட்டதென்று வருந்தும் பெண்ணுக்கு வீட்டார் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. அதனை நகையாது, குளிர்காலத்து இரவில் எடுத்துப் போர்த்துக்கொள்ளல் வேண்டும். கொண்டற் காற்றும் மழையும் கூடிவரும் மார்கழியிலே, கோணற் போர்வையும் குளிரைக் காக்கும். அடுத்த போர்வையை நேராகப் பின்னும் ஊக்கத்தையும் அவளுக்குத் தரும்.